நாய்க் கட்டில் மாப்பிள்ளை

பொருள் நம்முடையது இல்லை, கடை நம்முடையது இல்லை, வாங்குகிறவனைக் கண்ணால் கண்டதும் இல்லை. நடுவில் நின்றுகொண்டு "இந்தா, அந்தக் கடைக்குப் போ" என்று கை காட்டிவிட்டுக் கூலி வாங்குகிற தொழிலுக்கு அபிலியேட் மார்க்கட்டிங் என்று பெயர். இணையத்தில் ஒரு பக்கம் எழுதி வைக்கிறோம். அதில் கடைக்காரனின் இணைப்பைப் போடுகிறோம். யாராவது அதை அழுத்திப் போய் ஏதாவது வாங்கினால் நமக்குக் கமிஷன். சொல்லும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்! இதில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்களே, எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள். உங்கள் கதையைவிட என் கதை மோசம்.

நான் சாய்ந்தமருதுக்காரன், பேர் நௌபர். சுனாமிக்குப் பிறகு ஒரு வெள்ளைக்கார நிவாரண நிறுவனத்தில் கணினியில் பேர் பதிகிற வேலை கிடைத்தது. மூன்று வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் அவர்கள் ஜீப்புகளைக் கழுவி ஏற்றி, எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழும் ஒரு தொப்பியும் தந்து, கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு கல்முனையில், காசு கொடுத்து இணையம் பார்க்கிற ஒரு கொமினிகேசன் கடையில் இருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது: "வீட்டிலிருந்தபடியே மேலதிக வருமானம்." மேலதிகம் என்றால் ஏற்கெனவே ஒன்று இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இடுப்பளவு பனி

முதல் பொருள் பனி வாருகிற மண்வெட்டி. ஆசைப்பட்டு எடுக்கவில்லை, கமிஷன் அதற்குத்தான் அதிகம். "சொந்த அனுபவத்தை எழுதுங்கள், வாசிக்கிறவன் நம்புவான்" என்று விளம்பரக்காரர்கள் பாடம் சொல்லித் தந்திருந்தார்கள். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழியில் காதைச் சுற்றித் துவாய் கட்டுகிற பனிதான். அதை வாருவதற்கு மண்வெட்டி தேவையில்லை. இருந்தாலும் விடுவேனா? மின்விசிறிக்கு நேரே இருந்து, வேர்த்து ஒழுக ஒழுக எழுதினேன்: "போன வருஷம் எங்கள் வாசலில் இடுப்பளவு பனி. இந்த மண்வெட்டி இல்லாவிட்டால் நானும் என் மனைவியும் என்ன பாடுபட்டிருப்போமோ!" எனக்கு மனைவியும் இல்லை, வாசலும் இல்லை. வாசல் சுனாமியோடு போனது.

பத்து நாளில் கனடாவிலிருந்து ஒரு கிழவர் மின்னஞ்சல் போட்டார். தான் இடக்கைக்காரன், அந்தக் கைப்பிடி தோதுப்படுமா, முதுகு பிடிக்காதா என்று கேட்டிருந்தார். பதில் எழுத இருந்தேன். கொமினிகேசன் கடைக்காரர் தவராசா அண்ணன் பாண்டிருப்பு ஆள். ஆறு கணினியும் ஒரு போட்டோகொப்பி மெசினும் வைத்திருக்கிறார். மற்றவன் திரையை எட்டிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. என் தோளுக்கு மேலால் கிழவரின் கடிதத்தையும் வாசித்தார், நான் எழுதிய அனுபவத்தையும் வாசித்தார்.

"தம்பி, நீ ஒரு ஐஸ்பழம் திண்டாலே தடிமன் பிடிச்சு மூண்டு நாள் கிடக்கிறவன். அந்த மனிசனுக்கு உண்மையச் சொல்லு, முதுகோட தப்பிக்கட்டும்."

பாயும் மெத்தையும்

மண்வெட்டியை ஒருவரும் வாங்கவில்லை. அடுத்தது நாய்க் கட்டில். ஓம், நாய் படுக்கிற கட்டில்தான், சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள். மெத்தை வைத்தது, தலையணை வைத்தது, குளிருக்குச் சூடு பிடிக்கிறது, வயசான நாய்க்கு மூட்டு நோகாமல் நடுவில் பள்ளம் விட்டது என்று பதினாறு வகை. ஒரு நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காத நான் பதினாறுக்கும் பதினாறு பக்கம் எழுதினேன். அல்லாஹ்வின் கிருபை, அது ஓடத் தொடங்கியது. கிழமைக்கு இரண்டு கட்டில், மூன்று கட்டில் என்று அமெரிக்காவில் எங்கேயோ நாய்கள் ஏறிப் படுத்தன.

அந்த நேரம் நானும் உம்மாவும் தகரக் கொட்டிலில் இருந்தோம். ஆறு மாதத்துக்கு என்று சொல்லித் தந்த கொட்டில். நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. மத்தியானத்தில் உள்ளே ஒரு மாவுருண்டையை வைத்தால் பாணாக வெந்துவிடும். கீழே நிவாரணத்தில் தந்த பாய். ஒரு நாள் கட்டில் படங்களை அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பாயில் பரப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். உம்மா குனிந்து பார்த்தா. வெல்வெட் மெத்தையில் ஒரு நாய் நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. விலை கேட்டா, சொன்னேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? உம்மா பாயின் மடிந்த ஓரத்தைக் காலால் தட்டி நிமிர்த்திவிட்டுக் கேட்டா:

"அந்த நாய் எந்தக் கடலுக்கு வீட்டப் பறிகுடுத்த, மகன்?"

படுத்துப் பார்த்தால் ஃபத்வா

விஷயம் ஊருக்குள் பரவியது. எங்கள் ஊரில் ஒரு செய்தி நாலு வாய் மாறினால் அதற்கு நாலு கால் முளைக்கும். நான் நாய்க்குக் கட்டில் செய்கிறேன் என்று ஆகி, காரைதீவிலிருந்து ஒரு தச்சர் பலகை மலிவாகத் தரலாம் என்று ஆள் அனுப்பினார். பிறகு, முஸ்லிம் வீட்டுக்குள் நாய் ஏறாத எங்கள் ஊரில், நான் நாய் வளர்க்கிறேன் என்று ஆனது. "நாய்க் கட்டில்" என்று பட்டமும் விழுந்துவிட்டது. உம்மா பயந்துபோய், இந்தக் காசு ஹலாலா ஹறாமா என்று மௌலவியிடம் ஃபத்வா கேட்டுவிட்டு வந்தால்தான் சோறு என்று சொல்லிவிட்டா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது முடிந்து, பள்ளிவாசலுக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் மௌலவியைப் பிடித்தேன். மனுஷன் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தபடி முழுக் கதையையும் கேட்டார். வழி காட்டுவதற்குக் கூலி வாங்குவதில் பிழையில்லை என்றார். காவலுக்கு நாய் வைத்திருக்கிறவனுக்கு ஒரு சாமான் விற்பதிலும் தான் பிழை காணவில்லை என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எழும்பப் போனவனைக் கையைப் பிடித்து இருத்தினார்.

"ஆனா காணாத மெத்தைய நல்ல மெத்தை எண்டு எழுதியிரிக்கீங்களே, அதுதான் இடிக்கிது. ஒருக்காப் படுத்துப் பாத்துட்டு வாங்க, மறுகா ஃபத்வா தாறன்."

நிற்கிற சுவர்

இந்தக் கதையின் முக்கியமான ஆள் இப்போதுதான் வருகிறார். மருதமுனையில் போஸ்மாஸ்டராக இருந்த மீராலெவ்வை மாமா. எனக்கு முதலில் அவர் மாமாவாக அறிமுகமாகவில்லை. நிவாரண நிறுவனத்தில் இருந்தபோது அவருடைய படிவத்தைக் கணினியில் பதிந்தவன் நான்தான். கடற்கரைப் பக்கம் இருந்தது அவர் வீடு. அவருடைய மனைவி சுனாமி வந்த காலையில் கடலோடு மௌத்தாகிவிட்டா. வீட்டில் மிஞ்சியது குசினிச் சுவர் ஒன்று. ஆணியில் அகப்பைகூட அப்படியே தொங்கியது. படிவத்தில் "முழுச் சேதம்", "பகுதிச் சேதம்" என்று இரண்டு பெட்டி. மனுஷன் பகுதிச் சேதத்தில் புள்ளடி போட்டிருந்தார். "சேர், முழுச் சேதம் எண்டு போடுங்க, எல்லாரும் அப்பிடித்தான் போடுறாங்க" என்று நான் கெஞ்சாத குறை. "சுவர் நிக்கிது மகன்" என்றார், அவ்வளவுதான். கிடைத்தது பாதி உதவி. மீதியைத் தன் சம்பளத்தில் போட்டு, அந்தச் சுவரைச் சுற்றியே நாலு வருஷமாக ஒரு வீட்டைக் கட்டி எழுப்பினார்.

அந்த வீடு மகள் பர்ஸானாவுக்கு. எங்கள் பக்கத்தில் பொம்பிளையின் வாப்பா வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டில் போய் இருப்பான். அதுதான் வழக்கம். பர்ஸானா வாப்பாவுக்குச் சோறு கொண்டுவருகிற நேரம் பார்த்து நான் தபால் கந்தோரில் முத்திரை வாங்கப் பழகிக்கொண்டேன். ஊர் முழுக்க என் தொழிலைக் கேட்டுச் சிரித்தபோது, சிரிக்காமல் "அது எப்பிடி நடக்கிற?" என்று விளக்கம் கேட்டது அவள் ஒருத்திதான். அவளைத் தவிர வேறு ஒருத்தி எனக்கு வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன். உம்மா பெண் கேட்டு ஆள் விட்டா. மாமா என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டு, முத்திரை குத்துகிற கையை நிறுத்தாமல் விசாரித்தார். கந்தோர் எங்கே? இல்லை. மேலதிகாரி யார்? காணவில்லை. வரவுப் புத்தகத்தில் காலையில் கையொப்பம் வைப்பீர்களா? புத்தகமே இல்லை. முத்திரையைக் கீழே வைத்தார்.

"கையொப்பம் வைக்காத வேலை வேலையில்ல, மகன். நோன்பு மாசத்துக்கு முன்ன ஒரு கையொப்பத்தக் கொண்டாங்க, கலியாணத்தக் கதைப்பம்."

சாவடியில் ஒரு வாடிக்கை

வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்தில் இருந்த நேரம். எங்கள் பக்கம் அடங்கியிருந்தாலும் சோதனைச் சாவடி அடங்கவில்லை. ஒரு நாள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த பொலிஸ்காரர் உள்ளே பதினாறு நாய்க் கட்டில் படங்களைக் கண்டு திகைத்துப்போனார். வெடிப்பொருள் இருந்திருந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்திருக்கும். இதற்கு அவருக்கு ஒருவரும் பயிற்சி கொடுக்கவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். பஸ்ஸில் வந்த சனம் முழுக்க என்னைச் சாபமிட்டபடி வெயிலில் நின்றது.

அதிகாரி நரைத்த மனுஷன், தமிழ் கொஞ்சம் பேசுவார். கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இது என்ன தொழில் என்றார், சொன்னேன். என்னை ஓரமாக மரநிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முடிந்தது கதை என்று கலிமாவைச் சொல்லிக்கொண்டேன். மரத்தடியில் அவர் ஒன்பதாவது படத்தை எடுத்து, விரலை வைத்துக் கேட்டார். தன் நாய்க்குப் பதினொரு வயசாம், பின்னங்கால் நோவாம், இது சரிவருமா? வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கைக்காரரை நேருக்கு நேர் கண்டேன். சரிவரும் என்று சொல்ல வாய் வந்தது. மௌலவியின் முகம் ஞாபகம் வந்து, "எனக்குத் தெரியா சேர், நான் நாயத் தொட்டதில்ல" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். கடதாசிகளை அடுக்கித் திரும்பத் தந்தார், அந்த ஒன்பதாவதை மட்டும் மடித்துத் தன் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.

"இப்ப வாங்க ஏலா. சண்டை முடியட்டும், வீட்ட போய் அவன் இரிக்கானா பாத்து வாங்குறன்."

பாதி இறக்கிய கதவு

சண்டை முடிந்தது. கல்முனை பஸாரில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டிய ஓட்டோக்கள் ஹோன் அடித்துக்கொண்டு போயின. இனிக் குண்டு வெடிக்காது என்ற நிம்மதி எனக்கும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தவராசா அண்ணனின் கடைக்குப் போனேன். கதவு பாதிக்கு இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால் ஆறு கணினியும் அணைந்து கிடக்க, மனுஷன் ஒரு மூலையில் கதிரையில் இருந்தார். அவருடைய தங்கச்சி குடும்பம் வன்னியில். மூன்று மாதமாக ஒரு செய்தியும் இல்லை.

அவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஒரு கணினியைப் போட்டேன். நாய்க் கட்டில் கொம்பனியில் எங்களைப் போன்ற கைகாட்டிகளைப் பார்த்துக்கொள்கிற நான்சி என்ற அம்மா கடிதம் போட்டிருந்தா. "உங்கள் நாட்டுச் செய்தி பார்த்தோம், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். கோடைக்காலக் கட்டில்களுக்கு இது நல்ல தருணம்." எரிச்சலில் கணினியை அப்படியே அணைத்தேன். இரண்டு பிளேன்டீ வாங்கி வந்து ஒன்றை அவர் கையில் கொடுத்து, கடையைத் திறக்கவில்லையா அண்ணன் என்று கேட்டேன்.

"கடை திறந்துதான் கிடக்கு தம்பி. எனக்குத்தான் வெளியில வர ஏலாமக் கிடக்கு."

அமெரிக்கக் கையொப்பம்

அடுத்த கிழமை உம்மா என் பேரைச் சொல்லிக் குளறுகிற சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். மீராலெவ்வை மாமா சைக்கிளை ஊன்றிக்கொண்டு கொட்டில் வாசலில் நிற்கிறார். போஸ்மாஸ்டர் கடிதம் கொண்டுவந்து கொடுப்பதை எங்கள் ஊர் கண்டதில்லை. கையில் ஒரு நீள உறை, மூலையில் அமெரிக்க முத்திரை. உறையைப் பிரித்தேன். என் முதல் காசோலை. ஐந்து மாதக் கட்டில்களுக்குச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

மாமா அதை என் கையிலிருந்து வாங்கி, வெயிலுக்கு உயர்த்திப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கிப் பார்த்தார். தொகையைப் பார்க்கவில்லை. கீழ் மூலையைத்தான் பார்த்தார். அங்கே நீல மையில் ஒரு கையொப்பம், வால் நீண்டு வளைந்து கிடந்தது. மனுஷனின் முகம் மலர்ந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். தேத்தண்ணி குடித்தார். நிக்காஹ்வுக்கு நாள் பார்க்கச் சொன்னார். நானும் சந்தோஷத்தில் நிதானம் தப்பிவிட்டேன். கொம்பனி புதிதாக ஒரு படிவம் விட்டிருக்கிறது, "உங்கள் நாய் நன்றாக உறங்குகிறதா?" என்று கேள்வி, என் பக்கத்தின் வழியாக ஒரு ஆள் அதை நிரப்பினாலே எனக்குக் கமிஷன் என்று வாய் ஓயாமல் விளக்கினேன். நாய் வளர்க்கிற அமெரிக்கர் நிரப்ப வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துபோனேன். மாமா சைக்கிளில் ஏறிக்கொண்டு சொன்னார்:

"படிவம் நிரப்புறதா? அந்த வேலைய எங்கிட்டத் தாங்க மகன்."

போயா தினத்து வரிசை

காசோலையை மாற்ற நான் கொழும்புக்குப் பஸ் ஏறினேன். அந்த இடைவெளியில் பௌர்ணமிப் போயா வந்தது, தபால் கந்தோர் லீவு. மாமா வெள்ளைச் சட்டை உடுத்துத் தவராசா அண்ணனின் கடையில் ஒரு கணினிக்கு முன்னால் போய் இருந்தார். ஊருக்குச் சொல்லியும் அனுப்பியிருந்தார். "இது நிவாரணமில்ல, மருமகனுக்கு ஒரு உதவி" என்று விளக்கமாகத்தான் சொன்னாராம். யார் நம்புவார்கள்? படிவம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் வரிசையில் நிற்க நாலரை வருஷமாகப் பழகிய சனம். குடும்ப அட்டை, கிராம சேவகர் கடிதம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு மீன்காரர் உடைந்த தோணியின் போட்டோவைக் கொண்டுவந்திருந்தார். வரிசை சந்தி வரைக்கும் போனதாம்.

மாமா ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துச் சொல்லி, பதிலைக் கேட்டுத் தட்டினார். வீட்டில் நாய்கள் எத்தனை? "அஞ்செண்டு போடுங்க, கூடப் போட்டாத்தான் கூடக் கிடைக்கும்" என்றார் ஒருவர். "இரிக்கா, இல்லையா?" "இல்ல." "அப்ப இல்ல." நாயின் பெயர்? பொருந்தாது. நாயின் வயது? பொருந்தாது. காலை ஒன்பது முதல் பின்னேரம் நாலரை வரை, கந்தோர் நேரத்தில், நூற்றி நாற்பத்தேழு படிவம். நான் வந்து இறங்கியதும் தவராசா அண்ணன் சொன்ன கதையில் எனக்குத் தலை சுற்றியது. மாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் ஒவ்வொரு படிவத்துக்கும் பிரதி எடுத்து, திகதி போட்டு, கோப்பில் கட்டி வைத்திருந்தார். பெருமையோடு முதலாவதைத் திறந்து காட்டினார்.

"ஒண்டுலயும் ஒரு பொய்யில்ல, பாருங்க மகன். நாய்: இல்லை. காரணம்: நாங்கள் முஸ்லிம்கள்."

ஜிம்மி

நான்சி அம்மாவின் கடிதம் மூன்றாம் நாள் வந்தது. மரியாதையான கடிதம்தான். "அன்புள்ள நௌபர், ஒரே நாளில், ஒரே கணினியிலிருந்து, நூற்றி நாற்பத்தாறு பேர் தங்களிடம் நாய் இல்லை என்று எங்களுக்கு அறிவித்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். இந்த நிறுவனம் தொடங்கிய நாள் முதல் இப்படி ஒரு மோசடியை நாங்கள் கண்டதில்லை. இது என்ன வகை மோசடி என்று எங்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. அதுவரை உங்கள் கணக்கை நிரந்தரமாக மூடுகிறோம்."

ஐந்து மாத உழைப்பு, பதினாறு பக்கம், நோன்புக்கு முன்னம் கலியாணம், எல்லாம் அந்தக் கடிதத்தோடு போனது. பொய் எழுதிய காலம் முழுக்கக் காசு தந்தார்கள். நூற்றி நாற்பத்தேழு உண்மை எழுதியதும் கதவைச் சாத்திவிட்டார்கள். திரையைத் தவராசா அண்ணன் பக்கம் திருப்பினேன். அவருக்கு அந்தக் கிழமைதான் தங்கச்சி முகாமில் உயிரோடு இருக்கிறா என்று செய்தி வந்திருந்தது. எங்கள் இருவரில் சிரிக்கக்கூடியவர் அவர்தான். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னார்:

"நூத்தி நாப்பத்தேழாவது ஆள் நான்தான் தம்பி. நாய்: ஒண்டு, பேர் ஜிம்மி. அதுக்காவது ஒரு கட்டில அனுப்பச் சொல்லிப் பாரன்."

பதிவுத் தபால்

மாமாவிடம் மறைத்து என்ன பயன்? கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். "மோசடி" என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தார். அன்றைக்கே ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் எழுதி, தானே முத்திரை ஒட்டி, தானே குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினார். கீழே கையொப்பமிட்டுள்ள நான் முப்பத்தொரு வருடம் அரச தபால் சேவையில் இருக்கிறேன், படிவங்களை நிரப்பியது நானே, அந்த இளைஞன் ஒரு பிழையும் அறியான், எங்கள் ஊரில் நாய் இல்லை என்பதை நேரில் வந்து எவரும் சரிபார்க்கலாம் என்று.

ஒரு மாதத்துக்கு மேல் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கலியாணப் பேச்சு அப்படியே நின்றது. நோன்பு நெருங்கியது. உம்மா வாங்கி வைத்த கூறைச் சேலையை எடுப்பதும் மடிப்பதுமாக இருந்தா. பர்ஸானா ஒரு தரம் போன் எடுத்து, "வாப்பா சரியாச் சாப்பிடுறாரில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கடைசியில் நான்சி அம்மாவிடமிருந்து எனக்கு மின்னஞ்சலில் பதில் வந்தது. திறந்தேன்.

"உங்கள் மாமனாரின் கடிதத்தை எங்கள் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். கணக்கைத் திறக்க முடியாது."

தொழில் என்ற கட்டம்

பதிலை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அமெரிக்கக் கையொப்பமும் இனி இல்லை, எனக்கு அந்த வீட்டில் என்ன வேலை? இரண்டு நாள் கழித்து மாமா சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. "வெள்ளிக்கிழமை அஸறுத் தொழுகைக்குப் புறகு பள்ளிக்கு வாங்க, நிக்காஹ்" என்றார். வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உம்மா அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்து அழுதா. எனக்கு மட்டும் ஒரு கட்டம் ஞாபகம் வந்தது. காவின் என்கிற கலியாணப் பதிவு எழுதுகிற புத்தகத்தில் மாப்பிள்ளையின் தொழில் என்று ஒன்று உண்டு. படிவத்தில் பொய் எழுதாத மனுஷன் பக்கத்தில் இருப்பார்.

பள்ளியில் சனம் நிறைந்திருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் வந்திருந்தார்கள், கடைசி வரிசையில் தவராசா அண்ணன். பதிவாளர் பேர் கேட்டார், வயசு கேட்டார், "தொழில்?" என்றார். எங்கள் ஊரில் வேலையில்லாத மாப்பிள்ளை எல்லாருக்கும் "வியாபாரம்" என்று எழுதுவதுதான் வழக்கம். அந்தப் புத்தகத்தின்படி பார்த்தால் ஊரில் பாதிப் பேர் வியாபாரி. பதிவாளரும் அதை எழுதத்தான் பேனையை வைத்தார். மாமா கையை நீட்டிப் பேனையைத் தடுத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"புத்தகத்தில பொய் எழுத ஏலா. எழுதுங்க. தொழில்: தற்போது இல்லை. காரணம்: பெண்ணின் தகப்பன்."

அதற்குக் கீழே நான் வைத்ததுதான், அன்பர்களே, இந்தத் தொழிலால் எனக்கு வாய்த்த ஒரே கையொப்பம்.